ஆறிப்போன மீனும் அலறுகிற பேயும்

போன வெள்ளிக்கிழமை ராத்திரி வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்.

அம்மா நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கிறாள். துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்தவள். லண்டன் வந்த நாளாக, ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று ஆசை. சரி என்று கிழக்கு லண்டனில் வாப்பிங் பக்கம், தேம்ஸ் தண்ணீர் சன்னலுக்குக் கீழேயே வந்து மோதுகிற ஒரு பழைய மதுக்கூடத்தில் இடம் பிடித்தேன். பெயர் வேண்டாம். சன்னலோர மேசைக்குத் தனிக் காசு, அதையும் முன்பணமாகக் கட்டியாயிற்று.

போய் உட்கார்ந்தால் சன்னல் முழுக்கக் கறுப்புத் துணி. "இன்றைக்குப் பேய் இரவு" என்கிறார்கள். காசு வாங்கும்போது இதை ஏன் சொல்லவில்லை? மேசைக்கு ஒரே ஒரு மெழுகுவர்த்தி. உணவுப் பட்டியலை அம்மா கைப்பேசி வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முக்கால் மணி நேரம் கழித்து மீனும் சிப்ஸும் வந்தன. சில்லிட்டுப் போய், மேல்மாவு ஊறி, தொட்டால் எண்ணெய். மாற்றிக் கொடுங்கள் என்றால், "இந்த மூலையில் ஒரு ஆவி உட்காரும், எப்போதும் குளிராகத்தான் இருக்கும்" என்று சிரிக்கிறான் பரிமாறுகிற பையன். ஆறின மீனுக்கு ஆவியைக் காரணம் காட்டினால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

அப்புறம்தான் கொடுமை. அம்மா வாயில் கவளத்தோடு இருக்கும்போது, கடற்கொள்ளைக்காரன் வேஷம் போட்ட ஒருவன் பின்னால் வந்து காதருகே அலறினான். அவளுக்கு 71 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். தண்ணீர் கொட்டி, கை நடுங்கி, முகம் வெளுத்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டுகிறார்கள்!

வேஷக்காரன் சொன்ன கதையாவது உருப்படியா? கடற்கொள்ளைக்காரர் என்று தண்டிக்கப்பட்ட கேப்டன் கிட்டின் பிணத்தை இந்தச் சன்னலுக்கு வெளியேதான் தொங்கவிட்டார்களாம், ராத்திரி ராத்திரி கத்துகிறதாம். வில்லியம் கிட்டை 1701 மே 23 அன்று வாப்பிங் கரையோரம் ஆற்றுக்குள் நின்ற தூக்குமரத்தில் தொங்கவிட்டது உண்மை. முதல் கயிறு அறுந்து கீழே விழுந்தவரை மறுபடி தூக்கி மாட்டினார்கள் என்பதும் உண்மை. ஆனால் உடலை இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டது ஆறு கடலை நெருங்குகிற டில்பரியில். போகிற வருகிற கப்பல்காரர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்று. அவர் மேல் வழக்கு வந்ததற்குப் பெரிய காரணம் 1698இல் மலபார்க் கரைக்கு அப்பால் பிடித்த கப்பல். பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க அவருக்கு இங்கிலாந்து அரசின் உத்தரவு இருந்தது. அந்தக் கப்பலிடம் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது, அதனால் பிடித்தது சட்டப்படிதான் என்பது கிட்டின் வாதம். விசாரணையில் அந்தச் சீட்டு அவர் கைக்கு வரவே இல்லை. இருபதாம் நூற்றாண்டில் லண்டன் ஆவணங்களுக்குள்ளேயே கிடைத்தது. இதைக் கேட்டாலே வயிறு கலங்குகிறதே, இதற்கு மேல் அலறல் எதற்கு?

அடுத்து நீதிபதி ஜெஃப்ரிஸ். தூக்கைப் பார்த்துக்கொண்டே இங்கே விருந்து சாப்பிட்டார், இப்போதும் ஆவியாக மாடியில் நடக்கிறார் என்றான். ஜெஃப்ரிஸ் கூட்டம் கூட்டமாக மரண தண்டனை கொடுத்தது 1685இல், இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களில். வாப்பிங்குக்கு அவர் வந்தது 1688இல் உயிருக்குப் பயந்து, மாலுமி வேஷத்தில் கப்பலேறித் தப்பிக்க. இங்கேதான் மாட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் லண்டன் கோட்டைச் சிறையில் செத்தார். ஊரை நடுங்கவைத்தவர் இந்தக் கரையில் நடுங்கி ஒளிந்தார் என்று சொன்னால் கூட்டம் கேட்காதா?

அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "ஏன்டா, கரையில இவ்வளவு இடம் இருக்க, ஆத்துக்குள்ள போய் ஏன் தூக்குமரம் நட்டாங்க?" மொழிபெயர்த்துக் கேட்டேன். வேஷக்காரனுக்கும் தெரியவில்லை, மேலாளருக்கும் தெரியவில்லை. தினமும் அதை விற்றுத்தான் பிழைக்கிறார்கள்! ஓதம் இறங்கும்போது தண்ணீர் வற்றும் கோட்டுக்கு அந்தப் பக்கம் கடற்படை நீதிமன்றத்தின் அதிகாரம், கடல் குற்றத்துக்கு அங்கேதான் தண்டனை. அதனால் அந்தக் கோட்டிலேயே மரம் நட்டார்கள். ஆற்று நீர் மூன்று முறை ஓதமாக ஏறி இறங்கும்வரை உடலை எடுக்க மாட்டார்கள். சுமார் 400 வருஷம் இப்படி நடந்தது.

கடைசியாகத் தொங்கியவர்கள் ஜார்ஜ் டேவிஸ், வில்லியம் வாட்ஸ். 1830 டிசம்பர் 16. ஆஸ்திரேலியப் பக்கம் நாடுகடத்தப்பட்ட கைதிகள், தங்களை ஏற்றிச் சென்ற சைப்ரஸ் என்ற கப்பலையே 1829இல் கைப்பற்றி ஜப்பான் கரைவரை போனவர்கள். அவர்கள் பெயர் அந்த ராத்திரி ஒரு தடவைகூட வரவில்லை. "நம்ம பக்கம் கழுவேத்தின காத்தவராயனுக்குப் பேர் சொல்லிப் படையல் போடறோம், இங்க செத்தவனுக்குப் பேரே இல்லையா?" என்றாள் அம்மா.

பக்கத்து ஷாட்வெல்லில் நம் நாட்டுக் கப்பல் கூலிகளான லஸ்கர்களை அடைத்து வைத்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வந்து, திரும்பக் கப்பல் கிடைக்காமல், குளிரிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம். லைம்ஹவுஸில் அவர்களுக்கென்று ஒரு விடுதி திறக்க 1857 ஆயிற்று. அந்த மனிதர்கள் எந்தப் பேய்க் கதையிலும் கிடையாது. எனக்கு அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ரசீதில் பன்னிரண்டரை சதவீதம் சேவைக் கட்டணம். கட்ட மாட்டேன் என்று நின்றேன், ரசீதிலிருந்து அதை நீக்கினார்கள். சன்னல் காசைக் கேட்டேன், தரவில்லை. அதை நான் விடப்போவதில்லை. அந்தத் துணியைக் கழற்றுங்கள். வேஷக்காரனைச் சாப்பிடுகிறவர்கள் பக்கம் விடாதீர்கள். சுவரில் டேவிஸ், வாட்ஸ் பெயரையும் தேதியையும் எழுதி மாட்டுங்கள். மீனைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு கொண்டுவந்து வையுங்கள்.