ஸ்கேன் ரிப்போர்ட்டில் தமிழ் வேண்டும்

கர்ப்பிணிகள் கையில் கொடுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் தமிழ் இருந்தே ஆக வேண்டும். வியாசர்பாடியில் எங்கள் தெருப் பெண் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு இடத்தில் எடுத்த ரிப்போர்ட். வயிற்றில் வளரும் பிள்ளையைக் குறிக்கும் 'ஃபீட்டஸ்' என்ற ஆங்கிலச் சொல் ஒன்றில் ஓ எழுத்தோடு (foetus), இன்னொன்றில் ஓ இல்லாமல் (fetus). யாரோ "ரெண்டும் வேற வேற, போய்க் கேளு"ன்னு கிளப்பிவிட, அவளுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ரெண்டும் ஒன்றேதான். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ஓ கிடையாது. பிற்காலத்தில் தவறாக ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ்காரர் எழுத்து வழக்கில் அது தங்கியதால் நம்மிடமும் வந்தது.

பயப்பட வேண்டியது எழுத்துக்கு அல்ல. கரு உருவாகி எட்டு வாரம் வரை எம்ப்ரியோ, அதன்பின் பிறக்கும்வரை ஃபீட்டஸ். தமிழில் கரு, வளர்கரு என்று சொல்லலாம். செய்திகளில் எல்லாவற்றுக்கும் 'சிசு' என்றே போடுகிறார்கள். வயிற்றில் இருப்பதா, பிறந்த பச்சைக் குழந்தையா என்றே புரிவதில்லை.

இதைவிடப் பெரிய கொடுமை வாரக் கணக்கு. கல்யாணமாகி ஆறு வாரம்தான், ரிப்போர்ட்டில் எட்டு வாரம் என்றிருந்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு எழும்? மாமியார் முகம் மாறும், புருஷன் சந்தேகப்படுவான். டாக்டர்கள் கடைசியாகத் தூரமான, அதாவது மாதவிலக்கான, முதல் நாளில் இருந்து எண்ணுகிறார்கள். கரு தரிப்பதோ அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. 'முழுகாமல் இருக்கிறாள்' என்று நம் பாட்டிமார் சொன்னதும் தூரத்தை வைத்துத்தான், தூரமாகித் தலைமுழுகவில்லை என்று. 280 நாள் கணக்கும் அதே நாளில்தான் தொடங்குகிறது. 28 நாள் மாதமாகப் பார்த்தால் சரியாகப் பத்து மாதம். ஒரு பாவமும் அறியாத பெண், இதை யாரும் சொல்லாததால் தலைகுனிந்து நிற்கிறாள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்ற போர்டு ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் தமிழில் தொங்குகிறது. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் வந்த விதி அது. சுவரில் தமிழ் ஏறுமென்றால் காகிதத்தில் ஏறாதா? மொத்த ரிப்போர்ட்டையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. வாரக் கணக்குக்குக் கீழே இந்த ஒரு வரியை அச்சடியுங்கள்: "இது கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து எண்ணியது, கரு உருவானது அந்த நாளுக்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து."