காட்டுத் தங்கலும் சின்னப் பிள்ளைகளும்

சின்னப் பிள்ளைகளோடு காட்டோரம் போய்த் தங்கலாமா என்று கட்டுரையில் கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தங்கலாம். எங்கள் குமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கினோம். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. வழி நெடுக ரப்பர் மரங்கள். சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்துவிட்டு மகன் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓடும் காளிகேசம் ஆறு பார்க்க முழங்கால் அளவுதான் இருக்கும். ஆனால் மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று ஏறிவிடும். மலைப்பக்கம் மேகம் கருத்தால் பிள்ளைகளை உடனே கரையேற்றி விடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனிலும் அக்டோபரிலும் ஆற்றுக் குளியலை நம்பிப் போகாதீர்கள். ஈரத்தில் அட்டையும் ஏறும். பிய்த்து இழுக்க வேண்டாம், கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும்.

சாப்பாட்டில்தான் சிரமப்பட்டோம். விடுதியில் எல்லாமே காரம், இரவு எட்டு மணிக்கு மேல் பாலும் கிடைக்கவில்லை. கையில் கொண்டுபோன மட்டி என்கிற எங்கள் ஊர்ச் சின்ன வாழைப்பழம்தான் சின்னவளுக்குக் கைகொடுத்தது. இங்கே கைக்குழந்தைக்கே கொடுக்கிற பழம் அது. அப்புறம், காய்ச்சல் மருந்தை மறக்காதீர்கள். ராத்திரியில் மலையிறங்கி மருந்துக்கடை தேடுவது பெரும்பாடு.