ஜப்பான் தொழிலாளியைப் பற்றி நாம் பரப்பும் பொய்

ஜப்பானில் தொழிலாளர்கள் போராட்டம் என்று இறங்கினால் ஆலையை நிறுத்த மாட்டார்கள், கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வழக்கத்தைவிடக் கூடுதலாக வேலை செய்வார்கள். செருப்புக் கம்பெனியாக இருந்தால் இடது காலுக்கு மட்டும் செய்து குவிப்பார்கள், கோரிக்கை நிறைவேறிய பிறகுதான் வலது காலுக்குச் செய்வார்கள். இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்காதவர்கள் நம்மில் குறைவு. இங்கே பேருந்து ஊழியர்களோ ஆசிரியர்களோ போராட்டம் அறிவித்தால் உடனே இது மறுபடி சுற்றுக்கு வந்துவிடும்.

இது பொய். தகவல் பிழைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சொந்த வேலைக்காகவும் உயிருக்காகவும் சண்டை போட்டவர்களின் வரலாற்றையே இது அழித்துவிடுகிறது.

முதலில் அந்தப் பட்டை விஷயம். அடையாளம் அணிந்துகொண்டு வேலை பார்ப்பது அங்கே நடந்ததுண்டு. 1970இல் டோக்கியோவின் ஓக்குரா ஹோட்டல் ஊழியர்கள் சம்பளக் கோரிக்கைக்காகச் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு பணியாற்றினார்கள். நிர்வாகம் அவர்களைப் பாராட்டவில்லை, சங்க நிர்வாகிகள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலை நேரத்தில் ரிப்பன் அணிந்தது நியாயமான சங்க நடவடிக்கை இல்லை என்று 1982இல் தீர்ப்பு வந்தது. நாம் மெச்சிக்கொள்ளும் அந்தப் பட்டையைக் கட்டினாலே அங்கே தண்டனை கிடைக்கலாம் என்பதுதான் நிலைமை.

அப்புறம் மீக்கே. ஜப்பானைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு பெயரையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கியூஷு தீவின் ஓமுத்தா நகரை ஒட்டி மிட்சுயி நிறுவனத்தின் பெரிய நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. எண்ணெய் வந்து நிலக்கரியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். 1959 முடிவில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் குறித்து வேலைநீக்கம் செய்தது நிர்வாகம். சங்கத்தில் முன்னால் நின்றவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1960 ஜனவரியில் நிர்வாகம் கதவடைப்பு செய்ய, தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நவம்பர் வரை அது நீண்டது. சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிமார் தனி அமைப்பாகத் திரண்டு கூடவே நின்றார்கள். நடுவில் சங்கம் உடைந்து, வேலைக்குத் திரும்ப விரும்பியவர்கள் இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். ஒரே ஊரில் அண்டை வீட்டார் பேசிக்கொள்ளாத நிலை. மார்ச் மாதம் சுரங்க வாயிலில் மறியலில் நின்ற தொழிலாளி ஒருவரை ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் குத்திக் கொன்றார்கள். கோடையில் ஆயிரக்கணக்கான போலீசாரும் அவர்களைவிட அதிகமான தொழிலாளர்களும் நேருக்கு நேர் நின்றார்கள். கடைசியில் தொழிலாளர்கள் தோற்றார்கள். வேலைநீக்கம் ரத்தாகவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, 1963 நவம்பர் 9 அன்று, அதே மீக்கேயில் நிலக்கரித் தூசி வெடித்து 458 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய நூற்றுக்கணக்கானோர் கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்டுக் கடைசிவரை அவதிப்பட்டார்கள். அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு 1967இல் அவர்களுடைய மனைவிமார் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஆண்டே சிறப்புச் சட்டம் வந்தது. எனக்கு ஜப்பானியர் மேல் பெரிய மரியாதை உண்டு. அதில் பெரும்பங்கு இந்தப் பெண்களுக்குத்தான்.

ரயில் விஷயத்துக்கு வருவோம். நிமிடம் தவறாத ரயில்களை நாம் வியக்கிறோம். 1975 நவம்பர் கடைசியில் அந்த நாட்டின் தேசிய ரயில்வே எட்டு நாள் கிட்டத்தட்ட முழுமையாக நின்றுபோனது. அரசுத்துறை ஊழியர் என்பதால் ரயில்வே தொழிலாளர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது. அந்த உரிமையைக் கேட்டுத்தான் நிறுத்தினார்கள். கிடைக்கவில்லை. ஆனால் 2020 கோடி யென் இழப்பீடு கேட்டு சங்கங்கள் மேல் வழக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1974இல், விலைவாசி எகிறியபோது ஜப்பானில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன.

இப்போது ஆண்டுக்குச் சில பத்துகள் நடந்தாலே அதிகம். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிச் சங்கம், அதுவும் நிர்வாகத்தோடு இணக்கமாகப் போகும் சங்கம் என்றானது. 1987இல் ரயில்வேயும் துண்டு துண்டாகத் தனியாருக்குப் போனது. அந்த அமைதியைத்தான் நாம் பண்பாடு என்று படிக்கிறோம்.

அந்த அமைதிக்குள் என்ன நடந்தது? மேலதிகாரி எழுந்து போகும்வரை கிளம்பக் கூடாது. கணக்கில் வராத கூடுதல் நேரம். வேலை முடிந்த பிறகும் கூட்டாகக் குடிக்கப் போக வேண்டிய கட்டாயம். விடுப்பு எடுத்தால் சக ஊழியர்களுக்குச் சுமை என்ற உறுத்தலிலேயே பல ஆண்டுகள் சம்பள விடுப்பில் பாதியைக்கூட எடுக்காமல் விட்டார்கள். ஆண்டுக்கு ஐந்து நாளாவது விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2019இல் சட்டம் போட வேண்டியிருந்தது. வேலைச் சுமையால் மாரடைப்பு, பக்கவாதம், தற்கொலை என்று சாகிறவர்களைக் கணக்கெடுக்கத் தனி ஏற்பாடே அங்கு இருக்கிறது. கரோஷி என்கிறார்கள்.

1988இல் வழக்கறிஞர்கள் சேர்ந்து இதற்காகத் தொலைபேசி உதவி எண் தொடங்கினார்கள். பிள்ளையையும் கணவனையும் பறிகொடுத்த குடும்பங்கள் வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்தார்கள். 2014இல் கரோஷி தடுப்புச் சட்டம் வந்தது. கூடுதல் நேரத்துக்குத் தண்டனையோடு கூடிய உச்சவரம்பு 2019இல்தான் அமலுக்கு வந்தது. அதிலும் வேலை நெருக்கடி உள்ள மாதத்தில் 100 மணி நேரத்தை எட்டாதவரை விலக்கு உண்டு. இறப்பதற்கு முந்தைய மாதம் 100 மணி நேரம் கூடுதலாக உழைத்திருந்தால் அதை வேலையால் நேர்ந்த சாவாகக் கருதலாம் என்பது அதே அரசு வைத்திருக்கும் அளவுகோல். இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

நம் கதைக்கு ஓரளவு நெருங்கி வருவது 2018இல் ஒகயாமாவில் நடந்தது. ஒரு பேருந்து நிறுவனத்தின் ஓட்டுநர்கள் வண்டியை ஓட்டினார்கள், பயணிகளிடம் கட்டணம் மட்டும் வாங்கவில்லை. மக்களுக்குத் தொல்லை இல்லை, முதலாளிக்கு வருமானம் இல்லை. கூடுதல் உற்பத்தி செய்து முதலாளியை வெட்கப்பட வைப்பதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

2023 ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோவின் இகெபுகுரோவில் செய்பு பல்பொருள் அங்காடி ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்தது. நிறுவனத்தை அமெரிக்க முதலீட்டு நிதி ஒன்றுக்கு விற்கப் போகிறார்கள், எங்கள் வேலை என்னாகும் என்று கேட்டு ஊழியர்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். அந்த நாட்டின் பெரிய அங்காடிகளில் 61 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த முதல் வேலைநிறுத்தம். மறுநாளே விற்பனை முடிந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் கடையைத் திறந்துவைத்து இரண்டு மடங்கு விற்றுக் காட்டவில்லை. அடுத்த முறை உங்கள் குழுவில் அந்தச் செருப்புக் கதை வந்தால், தயவுசெய்து கீழே இதை எழுதிவிடுங்கள்.