வளையல் வீசிய பையன்களை மட்டும் திட்டாதீர்கள்

அந்த வளையல் வீடியோவை யார் யாரோ எனக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: பள்ளிக்கூட அணிகளின் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பையன்கள் செய்த வேலை அது. தோற்ற அணியின் காலடியில் கண்ணாடி வளையலை வீசி "போட்டுக்கோங்கடா" என்று கத்தும் பையன்களைவிட, பின்னால் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே பயிற்சியாளர், அவரைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. கீழே கமெண்டுகள் வேறு. "ஆம்பளப் பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க."

எந்தப் பையனும் அப்படிப் பிறப்பதில்லை. அணி எதற்குச் சிரிக்கிறதோ அதைச் செய்யப் பழகுகிறான். பதினாலு, பதினஞ்சு வயசில் நடுவரின் விசிலுக்கு அவன் பெரிதாகப் பயப்படுவதில்லை. கூட ஆடுகிறவர்கள் நடுவே 'இவன் ஆம்பளையே இல்ல' என்று பேர் வாங்கிவிடக் கூடாது, அந்தப் பயம்தான் அவனை ஆட்டிவைக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கோவில்பட்டியில் ஹாக்கி ஆடி வளர்ந்தவள் நான். தம்பி பையன்கள் அணியில், நான் பெண்கள் அணியில். நாங்கள் மட்டையோடு மைதானத்தைத் தாண்டும்போதெல்லாம் சீனியர்கள் ஏதாவது சொல்லிக் கத்துவார்கள். என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. மற்ற பையன்கள் சிரிப்பார்கள். என் தம்பியும் சிரிப்பான். வீட்டில் எனக்குத் தட்டு எடுத்துவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான் அவன். ஒரு ராத்திரி கேட்டேன், "ஏன்டா நீயும் சிரிக்கிற?" "நான் சிரிக்கலேன்னா அடுத்து என்னைத்தான்க்கா ஓட்டுவாங்க" என்றான். பி.டி. மாஸ்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்து அதட்டியிருந்தால் போதும், அத்தனையும் நின்றிருக்கும். அவர் அதட்டவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

'பள்ளிக்கூடப் பசங்க விஷயத்தைப் பெரிசாக்காதீங்க' என்கிறவர்கள் பெரியவர்களின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 2018 மார்ச் 24, கேப்டவுன், ஆஸ்திரேலியா ஆடிய கிரிக்கெட் டெஸ்ட். விதியை மீறிப் பந்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க உப்புத்தாள் எடுத்துப்போன ஆஸ்திரேலிய வீரர் கேமரன் பான்கிராஃப்டுக்கு வயது 25. அது அவருடைய எட்டாவது டெஸ்ட். யோசனை துணைக் கேப்டன் வார்னருடையது என்றும், கேப்டன் ஸ்மித்துக்கு அது தெரிந்தே இருந்தது என்றும் அந்த நாட்டு வாரியமான கிரிக்கெட் ஆஸ்திரேலியாவின் விசாரணை சொன்னது. ஸ்மித், வார்னருக்கு 12 மாதத் தடை, பான்கிராஃப்டுக்கு 9 மாதம். அந்த வருஷக் கடைசியில் பேட்டி கொடுத்த பான்கிராஃப்ட் சொன்ன காரணம் என்ன? அணியில் தானும் ஒருவனாகச் சேர்ந்துகொள்ள வேண்டும், மதிக்கப்பட வேண்டும் என்பதுதான். என் தம்பி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உலகமே பார்க்கிற மைதானத்தில் இருபத்தைந்து வயது ஆளாலேயே மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் மட்டும் சீனியரை எதிர்த்து நின்றுவிடுவானா?

ஆஸ்திரேலியர்கள் அந்த மூன்று பேரைத் தண்டித்ததோடு விட்டுவிடவில்லை. வாரியம் எப்படி நடக்கிறது, எப்படியாவது ஜெயித்தாக வேண்டும் என்ற வெறி எங்கிருந்து வருகிறது என்று வெளியாட்களை வைத்து ஆராய்ந்தார்கள். 42 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. வந்த சில நாட்களில் வாரியத் தலைவர் டேவிட் பீவர் பதவி விலகினார். நம் ஊரில் வீடியோவில் முகம் தெரிகிற நான்கு பையன்களைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

"ஸ்லெட்ஜிங் விளையாட்டில் சகஜம்" என்கிறார் ஒருவர். ஆட்டத்தின் நடுவே எதிரணியைச் சீண்டிப் பேசுவதைச் சொல்கிறார். ஆட்டம் முடிந்து கைகுலுக்கப் போகிற இடத்தில் என்ன ஸ்லெட்ஜிங்? "ஆக்ரோஷம் இல்லாமல் ஜெயிக்க முடியாது" என்கிறார் இன்னொருவர். ஹாக்கியில் முகவாயில் தையல் போட்டுக்கொண்டவள் நான். ஆக்ரோஷம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

"சின்னப் பசங்க, அவங்க எதிர்காலத்தைக் கெடுக்காதீங்க." இதை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். இந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் கண்டித்தால் எதிர்காலம் போய்விடும் என்று யார் சொன்னது? 2020 பிப்ரவரியில் தென் ஆப்பிரிக்காவில் 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் இந்திய, வங்கதேசப் பையன்கள் தள்ளுமுள்ளில் இறங்கினார்கள். சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி வங்கதேச வீரர்கள் மூன்று பேருக்கும் இந்திய வீரர்கள் இரண்டு பேருக்கும் தண்டனை கொடுத்தது. அதில் ரவி பிஷ்னோய் பிறகு இந்தியாவுக்கு ஆடினார், தௌஹித் ஹ்ரிதோய் வங்கதேசத்துக்கு ஆடினார். யார் எதிர்காலம் கெட்டது? கெடுவது யாரும் எதுவும் சொல்லாமல் விடும்போதுதான்.

அப்புறம் அந்த வளையல். தோற்றவனை அவமானப்படுத்த உங்களுக்குக் கிடைத்த பொருள் பெண்கள் கையில் கிடப்பதுதானா? டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தியது நம் பெண்கள் ஹாக்கி அணிதானே. அந்தக் கோலை அடித்தது குர்ஜித் கவுர்தானே. அன்றைக்கு ராத்திரி முழுக்க ஸ்டேட்டஸ் போட்ட ஆட்கள்தான் இன்றைக்கு வளையலுக்குச் சிரிக்கும் ஸ்மைலி போடுகிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் பிள்ளை மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அவள் இந்தக் கமெண்டுகளைப் படிப்பாள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா?

இந்தப் பதிவின் கீழ் அந்தப் பையன்களின் பெயரையோ பள்ளியின் பெயரையோ யாராவது போட்டால் நீக்கிவிடுவேன். கைகட்டிச் சிரித்த பெரியவரைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் பேசுங்கள்.