அரை கப் டீயும் அண்ணனோட தம்ப்நெயிலும்

நம்மூர் டிராவல் யூடியூபர் அண்ணன் ஒருத்தர் போட்ட அந்த வீடியோ லிங்க்கை இங்க போட மாட்டேன். அதுக்கு வியூஸ் ஏத்திவிடற வேலை எனக்கு வேணாம். நேத்து காலையில இருந்து பாதி பேர் இன்பாக்ஸ்ல அதை அனுப்பி "செம காமெடி பாஸ்"னு கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிற பொம்மை வேற போட்டிருக்கீங்க. உஸ்பெக்கிஸ்தான்ல, சமர்கண்ட் ஊர்ல ஒரு வீட்டுல கூப்பிட்டு உக்கார வச்சு டீ குடுக்கறாங்க, நம்மாளு அந்தக் கிண்ணத்தை கேமராவுக்குக் கிட்ட கொண்டு வந்து "பாருங்க மக்களே, அரை கப் கூட இல்ல, இதுதான் இவனுங்க விருந்தோம்பல்"ங்கறார். தம்ப்நெயில்ல "கஞ்சப் பசங்க". பின்னாடி அந்த வீட்டம்மா நெஞ்சுல கை வச்சு சிரிச்சுக்கிட்டே நிக்கறாங்க. என்ன சொல்றான்னு அவங்களுக்குப் புரியல. அந்தச் சிரிப்பைப் பார்த்ததுல இருந்துதான் எனக்கு வயிறு எரியுது.

யோவ், அங்க அரை கப் ஊத்தறதுதான்யா மரியாதையே. கப்பை ரொப்பிக் குடுத்தாதான் குடிச்சிட்டு நடையைக் கட்டுன்னு அர்த்தம். கொஞ்சமா ஊத்தினா சூடு இருக்கறப்பவே தீரும், தீர்ந்ததும் நீங்க கிண்ணத்தை நீட்டணும், அவங்க மறுபடி ஊத்தணும், அப்படியே பேச்சு ஓடணும், அதுக்காக டீப்பாட்டை விட்டு நகராம ஒருத்தர் உங்க பக்கத்துலயே உக்கார்ந்திருப்பாங்க. இதைக் கஞ்சத்தனம்னு சொல்றவனுக்கு என்னத்தைச் சொல்ல.

நானும் அந்த ஊருக்குப் போயிருக்கேன். தாஷ்கண்ட்ல இருந்து அஃப்ரோசியாப் ரயில்ல ரெண்டு மணி நேரத்துச் சொச்சம், சியோப் பஜார் பக்கத்துல ஒரு குடும்பம் நடத்தற சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல ரூம். போய் ஷூவைக் கழட்டறதுக்குள்ள ஒரு பாட்டி வந்து, கதவுக்குத் தூரமா இருக்கற இடத்தைக் காட்டி அங்க போய் உக்காருன்னு சைகை பண்ணாங்க. அங்க வாசல்ல இருந்து தள்ளி இருக்கற இடம்தான் பெரிய ஆளுக்குக் குடுக்கறது. எனக்கு! முதுகுல பை, மூணு நாள் தாடி. அப்புறம் நீலக் கலர்ல வெள்ளைப் பருத்திப் பூ போட்ட கிண்ணம் வந்துச்சு, உஸ்பெக்கிஸ்தான் முழுக்க வீட்டுக்கு வீடு அந்த டிசைன்தான். பாட்டி முதல்ல ஊத்தின டீயை எனக்குத் தரல. ஊத்தி, திரும்ப டீப்பாட்டுக்குள்ளயே கொட்டி, மறுபடி ஊத்தி, மறுபடி கொட்டி. டீ நல்லா இறங்கறதுக்கு அப்படி மூணு தடவை பண்ணுவாங்களாம், பேரன் போன்ல டிரான்ஸ்லேட் போட்டுக் காட்டினான். அப்புறம்தான் வலது கையால கிண்ணம், இடது கை நெஞ்சுல. உள்ள பார்த்தா ரெண்டு மடக்கு டீ. அன்னிக்கு நான் குடிச்ச டீயை அளந்திருந்தா ஒரு குடம் வந்திருக்கும்.

ரொட்டி விஷயம் இன்னும் மோசம். சமர்கண்ட் நான் ரொட்டி கனமா, மேல பளபளன்னு, நடுவுல முத்திரை குத்தி இருக்கும். அதைக் கத்தி வச்சு வெட்டாம கையாலதான் பிய்ப்பாங்க, கவுத்துப் போடவே கூடாது. நம்மாளு அதைக் கவுத்துப் போட்டு மேல பருப்புப்பொடி பாக்கெட்டை வச்சு "நம்மூர் டச்"னு ஃபோட்டோ எடுக்கறார். அதே வீடியோவுல தாஷ்கண்ட் சாஸ்திரி சிலை முன்னாடி நின்னு நாட்டுப்பற்று வேற. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல ரயில் ரயிலா அகதிங்க வந்து இறங்கின ஊர் அது. ஒரு கொல்லரும் அவர் சம்சாரமும் எந்த ஊர், எந்த இனம்னு கேக்காம பத்துக்கும் மேல அநாதைக் குழந்தைங்களை எடுத்து வளர்த்தாங்க, அந்தக் குடும்பத்துக்கு தாஷ்கண்ட்ல பெரிய சிலையே இருக்கு. அங்கயும் போய் ஒரு ரீல்ஸ் எடுத்திருக்கலாம். சப்ஸ்கிரைபர் ஏறாதுல்ல, அதான்.

சரி, ஆரம்பிச்சிருவீங்கன்னு தெரியும். "அவருக்குத் தெரியாது ப்ரோ, தெரியாமப் பேசிட்டாரு." தெரியலன்னா கேக்கணும். வளைகுடாவுல வேலை பார்த்த எந்தத் தமிழனைக் கேட்டாலும் சொல்லிருப்பான், மஸ்கட்ல என்கூட வேலை பார்த்த ஓமானி வீட்டுக்குப் போனா காவான்னு அவங்க காபி இப்படித்தான் வரும், கைப்பிடி இல்லாத குட்டிக் கப்புல அடியில கொஞ்சூண்டு, கூட பேரீச்சம்பழம், அல்வா. போதும்னா கப்பை லேசா ஆட்டிக் குடுக்கணும், ஆட்டலன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்க. அங்கயும் ரொப்பிக் குடுத்தா அவமரியாதைதான். ஈரான்ல கடைக்காரர் காசு வேண்டாம்பார், டாக்ஸிக்காரர் வேண்டாம்பார், அது மரியாதைக்குச் சொல்றது, நாமதான் ரெண்டு மூணு வாட்டி வற்புறுத்திக் கையில திணிக்கணும். நம்மாளு போனா "ஈரான்ல எல்லாமே ஃப்ரீ மக்களே"ன்னு தலைப்பு வச்சிருவார்.

"சைவம் சாப்பிடறவங்க கஷ்டம் உங்களுக்குப் புரியாது." புரியுதுங்க. இது நியாயமான கேள்வி, மத்ததை மாதிரி இல்ல. பிலாவ்னு அவங்க ஊர் கறிச்சோறு, அதுல ஆட்டு வால் கொழுப்பு போடுவாங்க, பழக்கம் இல்லாதவங்களுக்கு அந்த வாடை ஒத்துக்காது, எங்கம்மா வந்திருந்தா தட்டையே தொட்டிருக்க மாட்டாங்க. ஆனா எங்கம்மா "எனக்கு வேணாம் கண்ணு, நீ சாப்பிடு"ன்னு சொல்லிட்டு தக்காளி வெங்காய சாலட், ரொட்டி, முலாம்பழம்னு எதையாவது சாப்பிட்டு எழுந்திருப்பாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு "உவ்வே"ன்னு கேமராவைப் பார்த்துச் சொல்ல மாட்டாங்க. 2016ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்த சாப்பாடுய்யா அது, கல்யாணம், சாவு, பிள்ளைப் பேறு எதுன்னாலும் அவங்க ஊர்ல அண்டா ஏறுறது அதுக்குத்தான். சாப்பிடாம இருக்க உனக்கு முழு உரிமை உண்டு. சோறு போட்டவங்க மூஞ்சி முன்னாடி கேலி பண்ண உரிமை கிடையாது.

"அப்ப ஸ்வீடனை மட்டும் கலாய்ச்சீங்களே?" ஆமா, 2022ல விளையாட வந்த பிள்ளையை ரூம்ல உக்கார வச்சுட்டு வீட்டுக்காரங்க மட்டும் போய் சாப்பிடற கதை இணையம் முழுக்க ஓடினப்ப நானும் சிரிச்சேன். அந்தப் பிள்ளைக்கு அவங்க வீட்டுல சமைச்சு வச்சிருப்பாங்க, அதைக் கெடுக்கக் கூடாதுன்னு ஒரு காரணம் சொல்றாங்க, இருக்கட்டும், எனக்கு இன்னிக்கும் மனசு ஒப்பல. ஆனா நான் அவங்க சோபாவுல உக்கார்ந்து, அவங்க காபியைக் குடிச்சுக்கிட்டே அவங்களைத் திட்டல.

இதுல உச்சம் கமெண்ட்ஸ்தான். "விருந்தோம்பலுக்கு இலக்கணம் எழுதின இனம்டா நாம", "வந்தாரை வாழவைக்கும் பூமி". நல்லா இருக்கு. காலேஜ் படிக்கறப்ப ஃப்ரெண்டோட ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தோம். திண்ணையில உக்கார்ந்திருக்கோம், அவன் பாட்டி வந்து ஒவ்வொருத்தரையா நீ எந்த ஊரு, எந்தத் தெரு, உங்கப்பா என்ன பண்றாருன்னு கேட்டுட்டு உள்ள போனாங்க. டீ வந்துச்சு. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். விளிம்பு வரைக்கும் தளும்பத் தளும்ப ஊத்தி இருந்தாங்க, அதுல குறையே சொல்ல முடியாது. ஃப்ரெண்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டான், யாரும் ஒண்ணும் பேசல, நானும் குடிச்சேன். "எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வராதீங்க"ன்னு இப்ப ஒருத்தர் டைப் பண்ணிட்டு இருப்பார், பண்ணுங்க சார். நான் கொண்டு வரல, தட்டுல வச்சு எனக்குக் கொண்டு வந்து குடுத்தாங்க. இரட்டைக் குவளை வச்சு டீ வித்த கடைங்க இருந்த நாட்டுல இருந்து கிளம்பிப் போய், யாருன்னே தெரியாதவனை வீட்டுக்குள்ள கூப்பிட்டு, தான் குடிக்கிற அதே கிண்ணத்துல டீ குடுத்த பொம்பளையை கஞ்சம்னு சொல்றோம். எந்தத் தெருன்னு அந்த சமர்கண்ட் பாட்டி என்கிட்ட கேக்கல. கேட்டிருந்தாலும் போன்ல அதுக்கு டிரான்ஸ்லேஷன் வந்திருக்காது.

எல்லா வீடும் அப்படியான்னு கேப்பீங்க. இல்ல. நம்மூர்லயும் வயிறு முட்ட சோறு போட்டு பஸ் ஏத்திவிட்ட மக்கள் எனக்கு நிறைய உண்டு, அவங்க யாரும் "நாங்கதான் உலகத்துக்கே இலக்கணம்"னு கமெண்ட் போட்டு நான் பார்த்ததில்ல.

அண்ணன் அடுத்த மாசம் ஜார்ஜியா போறாராம், போஸ்டர் விட்டிருக்கார். அவர் டீம்ல யாராவது இதைப் படிச்சா தயவுசெஞ்சு அவர் காதுல போடுங்க: அங்க விருந்துல தமாதான்னு ஒருத்தர் இருப்பார், அவர் எழுந்து செத்துப்போன முன்னோர்ல இருந்து பொறக்கப் போற பிள்ளைங்க வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா வாழ்த்து சொல்லித்தான் கிளாஸைத் தூக்குவார், நடுவுல புகுந்து "மக்களே இந்தப் பெருசு ஒயினையே குடிக்க விடமாட்டேங்குது"ன்னு லைவ் போட வேண்டாம். கின்காலின்னு கறி வச்ச கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு வரும், அதைக் கையில எடுத்து முதல்ல ஓரமா கடிச்சு சாறை உறிஞ்சணும், மேல இருக்கற கெட்டிக் கொண்டையைத் தட்டுலயே வச்சுரலாம். பருப்புப்பொடி வீட்டுலயே இருக்கட்டும்.