அப்பா மாடாய் உழைக்கவில்லை

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் கொடுக்க சித்தப்பா ஒரு வாசகம் எழுதி அனுப்பியிருந்தார். "குடும்பத்துக்காக மெழுகாய் உருகிய தெய்வமே" என்று ஆரம்பம். வேண்டாம் என்றேன். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவே ரெண்டுபட்டுவிட்டது. "பெத்த அப்பனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போடக் கூடாதாத்தா?" என்று அத்தை குரல் பதிவு அனுப்பினார். நல்லதாகப் போடத்தான் நானும் சொல்கிறேன். குழுவில் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு, வத்தல் மண்டியில் கணக்கப்பிள்ளை. பி.காம். முடித்து எழுபதுகளில் சேர்ந்தவர், ரெண்டு கண்ணிலும் புரை விழும்வரை அதே மண்டியில்தான் இருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: "உங்களுக்காக மாடா உழைச்சாருப்பா." கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அவர் மாடாக உழைத்ததை நான் பார்த்ததில்லை. ரசித்து உழைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

இருப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. கணக்குகளைத் தனித்தனியாக எழுதும் பேரேட்டில் உள்ள எல்லாக் கணக்கையும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று எடுத்தெழுதிக் கூட்டினால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். முதல் கூட்டலில் வரவே வராது. அந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள்! முதலில் அதை 9ஆல் வகுப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 85க்குப் பதில் 58 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 27. வகுபடவில்லை என்றால் பாதியாக்குவார். 520 இடிக்கிறது என்றால் 260 ரூபாய்ப் பதிவு ஒன்று பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று தேடுவார். இதையெல்லாம் ஆறாவது படிக்கும்போதே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். நான் கணக்குப் பக்கமே தலைவைக்காமல் நர்சிங் போனது வேறு கதை. ஆனால் இன்றைக்கும் வார்டில் மருந்து இருப்பு இடித்தால் என் கை முதலில் 9ஆல்தான் வகுக்கிறது.

வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகையை ஒதுக்கிவைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவது அவருக்குப் பிடிக்காது. "அனாமத்துல போட்டா ராத்திரி தூக்கம் வராதுட்டி" என்பார். அதிலும் மகமைக் கணக்கு என்றால் அவ்வளவுதான். எங்கள் ஊர் வியாபாரிகள் வியாபாரத்தில் சிறு பங்கை மகமை என்று எடுத்து வைப்பார்கள். ஊரில் பள்ளிக்கூடமும் கோவில் காரியமும் அந்தப் பணத்தில் நடந்தவைதான். அது முதலாளி பணமும் இல்லை, நம் பணமும் இல்லை, ஊர்ப் பணம் என்று பத்துப் பைசாவுக்காக, ஊர்த் திருவிழாவான பங்குனிப் பொங்கல் அன்று பாதி நாள் மண்டியில் உட்கார்ந்திருந்தவர். அம்மாவுக்கு அந்தக் கோபம் கடைசிவரை போகவில்லை. அம்மா பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி.

மாற்றம் எது வந்தாலும் சலிக்க மாட்டார். 1989 வரை தீபாவளி, சித்திரை என்று வியாபாரிகள் தங்களுக்கு வாகான நாளில் கணக்கு முடிக்கலாம். 1989இல் வருமான வரிக்கு எல்லோருக்கும் மார்ச் 31 என்று ஆனது. 2007 ஜனவரியில் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதற்குள் பேரேடு போய் டேலி என்ற கணக்கு மென்பொருள் வந்து, ஐம்பது தாண்டிய மனிதர் பேரன் வயசுப் பையனிடம் 'எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட்' என்று சிட்டை எழுதிவைத்துக் கற்றுக்கொண்டார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஊரே புலம்பியது. அவர் போன் போட்டு, "ஒரே துவரம்பருப்புதான். சாக்குல சும்மா வித்தா வரி இல்ல. பதிவு பண்ணின பிராண்டு பேருல பாக்கெட் போட்டா அஞ்சு சதவீதம். எப்படி?" என்று புதிர் விடுகதை போலச் சொல்லிச் சிரித்தார். இவரை மெழுகு என்று எப்படிப் போடுவது?

வீட்டுக்கு என்ன செய்தார் என்றால், செய்யாதது இல்லை. ஆனால் அதையும் கணக்கப்பிள்ளையாகத்தான் செய்தார். 1988இல் தபால் நிலையத்தில் கிசான் விகாஸ் பத்திரம் அறிமுகமானது, போட்ட பணம் ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பு. எனக்குப் பதினோரு வயது, தம்பிக்கு எட்டு. எங்கள் வயதையும் கல்லூரி சேரும் வருஷத்தையும் எதிரெதிரே எழுதி, எந்தப் பத்திரம் எப்போது முதிர வேண்டும் என்று ஒரு தாளில் அட்டவணை போட்டு வாங்கினார். 1996இல் என் நர்சிங் கட்டணத்துக்கு யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. கொஞ்சிப் பேசிய அப்பா இல்லை அவர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாதி நாள் முகத்தையே பார்க்க முடியாது, என் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் அதே நேரம். ஆனாலும் எனக்கு அப்பா இல்லாத குறை தெரிந்ததில்லை. பிள்ளைகளுக்காகத் தன் சந்தோஷத்தைத் தொலைத்த அப்பாவைவிட, தன் வேலையில் சந்தோஷமாக இருந்த அப்பாவிடம் வளர்வது நல்லது என்று நினைக்கிறேன்.

தியாகம் என்று சொல்வதில் எனக்கு இன்னொரு தகராறும் உண்டு. அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் கணக்குக் கேட்க வேண்டாம். அத்தனை வருஷம் உழைத்தவருக்கு ஓய்வூதியம் ஒரு ரூபாய் கிடையாது. பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு, வேலையை விடும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடைக்கான சட்டம் 10 பேர் இருக்கும் இடத்துக்கு. மண்டியில் எடைக்காரர், வசூலுக்குப் போகிறவர் எல்லாம் சேர்த்தே ஏழெட்டுப் பேர்தான். சாயங்காலம் ஒரு மில்லில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதினார். அங்கே தொழிலாளர்களுக்கு மாதாமாதம் பி.எஃப். செலான் நிரப்பியவரே அவர்தான். பட்டியலில் அவர் பெயர் இல்லை. எத்தனை மாதம் அந்தப் பட்டியலைக் கூட்டியிருப்பார், யோசித்தால் வயிறு எரிகிறது.

இறந்தபோது மண்டி முதலாளி வீட்டிலிருந்து வந்தார்கள், மாலை போட்டார்கள், அம்மா கையில் ஒரு கவர் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவரில் எவ்வளவு வைப்பது என்பது அவர்கள் இஷ்டம். 15 நாள் சம்பளம் பெருக்கல் வேலை செய்த வருஷம் என்று பணிக்கொடைக்கு இருக்கிற கணக்கு அப்பாவுக்கு மனப்பாடம்.

20 பேர் இல்லாத இடத்திலும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒத்துக்கொண்டால் பி.எஃபில் தாங்களாகச் சேரலாம் என்று அந்த பி.எஃப். சட்டத்திலேயே இருந்தது. அப்பாவுக்கு இதுவும் தெரியும். ஒரு தடவை கேட்டிருக்கிறார். "பார்ப்போம் கணக்கப்பிள்ளை" என்றாராம் முதலாளி. அப்புறம் இவரும் கேட்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. முதலாளியின் வரவு செலவு முழுக்கத் தெரிந்தவர், அவரால் கொடுக்க முடியுமா முடியாதா என்பது ஊரிலேயே இவருக்குத்தான் சரியாகத் தெரியும். அதனாலேயே கேட்கக் கூச்சப்பட்டிருப்பார் என்கிறாள் அம்மா. எனக்கு அது இன்னும் விளங்கவில்லை.

என் நட்புப் பட்டியலில் மண்டி, மளிகை மொத்தக்கடை, மில் வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கிறீர்கள். அப்பா காலத்தில் அது 1952ஆம் வருஷத்து பி.எஃப். சட்டம், பிரிவு 1(4). இப்போது எப்படி என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். இல்லை, உங்கள் கணக்கப்பிள்ளையையே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.