ஸ்போர்ட்ஸ் காருக்கு எதற்கு நேர் ரோடு?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஸ்போர்ட்ஸ் காரில் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த ரோட்டில் என்றுதான் முதலில் கேட்பேன். உள்நாட்டு வழியாக நேரே போகும் ஐ-5 ஹைவே என்றால் தயவுசெய்து வீட்டில் இருக்கும் கேம்ரியை எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் ஓட்டுவது மஸ்டா மியாட்டா. ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும் எடை, இரண்டே சீட், 130 லிட்டர் டிக்கி. ஸ்டெப்னி கிடையாது. கிரேப்வைன் என்கிற மலை இறக்கம் முடிந்ததும் ஐ-5 ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நீளும். ஸ்டியரிங்குக்கு வேலையே இல்லை. பக்கத்தில் போகும் டிரக்கின் சக்கர நட்டுகள் காதுக்கு நேரே சுற்றும். கூரையைத் திறந்தால் காற்று இரைச்சலில் பக்கத்து சீட்டில் பேசுவது கேட்காது. கோலிங்கா பக்கம் பிரம்மாண்டமான மாட்டுப்பட்டி ஒன்று உண்டு. கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். மூடினாலும் துணிக் கூரைதானே! வேக வரம்போ 70 மைல். அதில் எந்தக் காரும் போகும், கால் நீட்ட இடத்தோடு.

அதற்காக, லாங் டிரிப் என்றாலே எஸ்யூவிதான் என்கிற கட்சியில் நான் சேர மாட்டேன். அந்த மாட்டுப்பட்டி வருவதற்கு முன்பே, லாஸ்ட் ஹில்ஸில் ஐ-5-ஐ விட்டு இறங்கி மேற்கே ஹைவே 46-ஐப் பிடியுங்கள். வழியில் ஷோலாம் என்கிற சின்ன ஊர் வரும். பந்தயத்துக்கு டிரெய்லரில் ஏற்றிப்போக இருந்த புது போர்ஷே 550 ஸ்பைடரை, எஞ்சின் பழகட்டும் என்று தானே ஓட்டிக்கொண்டு சலீனாஸுக்குக் கிளம்பிய ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன், 1955 செப்டம்பர் 30 அன்று இங்கேதான் விபத்தில் இறந்தார். குறுக்கே திரும்பிய காரை ஓட்டியவர், தான் அவரைப் பார்க்கவே இல்லை என்றார். தாழ்வான கார் ஓட்டும் எல்லோருக்கும் இது பொருந்தும். எதிரே வருகிறவர் கண்ணில் நான் படவில்லை என்று வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். பகலிலும் ஹெட்லைட் எரியும்.

பாசோ ரோபிள்ஸ் தாண்டி, கேம்ப்ரியா பக்கம் இறங்கினால் கடலோரமாகப் போகும் ஹைவே 1. அப்புறம் மலையும் கடலும் ஒட்டி நிற்கும் பிக் சர். இங்கே 40 மைல் வேகமே தாராளம். வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கித் திருப்பினால், முன்சக்கரம் ரோட்டைப் பிடிப்பது உள்ளங்கையில் தெரியும். இதற்குத்தான் இந்தக் காரை வாங்குவது, ஸ்பீடா மீட்டர் முள்ளைப் பார்க்க அல்ல.

ஒரே ஒரு விஷயம், மண்சரிவால் இந்த ரோட்டை அடிக்கடி மூடிவிடுவார்கள். 2017-இல் மட் கிரீக்கில் சரிந்ததைச் சரிசெய்து திறக்க 2018 ஜூலை ஆகிவிட்டது. கிளம்பும் முன் கால்டிரான்ஸ் (கலிபோர்னியா போக்குவரத்துத் துறை) இணையதளத்தைப் பாருங்கள். பெட்ரோலை கேம்ப்ரியாவிலேயே நிரப்பிவிடுங்கள். நடுவில் பங்க் குறைவு, விலையைப் பார்த்தால் கண்ணைக் கட்டும்.